ஐ, ஆல், சமம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என்னுடையது. தமிழும் நான்தான், கணக்கும் நான்தான். அதனால் ஒரு பாடத்தில் முட்டி நிற்கும் பிள்ளையை இன்னொரு பாடத்தின் வழியாக உள்ளே கூட்டிவர முடிகிறது.

பலகையில் 12 ÷ 3 என்று எழுதினால் எல்லோரும் போட்டுவிடுவார்கள். ‘மூன்றால் பன்னிரண்டை வகு’ என்று வாயால் சொன்னால் சிலர் 3 ÷ 12 என்று எழுதுவார்கள். காதில் முதலில் விழுந்த எண் முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது, உருபு காப்பாற்றிவிடும். குறியீட்டில் உருபே கிடையாது, அங்கே இடம்தான் எல்லாம். ஆகவே, ‘ஐ’ ஏறிய எண் எது, ‘ஆல்’ ஏறிய எண் எது என்றுதான் முதலில் கேட்பேன். ‘ஐ’ ஏறியது வகுபடும் எண், ‘ஆல்’ ஏறியது வகுத்தி. வேற்றுமை என்ற பெயரை மேல்வகுப்பில் படித்துக்கொள்ளட்டும். வேலை இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இதில் என் மனத்துக்கு நெருக்கமான கணக்கு பால்கோவா. பன்னிரண்டு கிலோ பால்கோவாவை அரை கிலோ டப்பாக்களில் அடைக்க வேண்டும். ‘பன்னிரண்டை அரையால் வகு’ என்றதும் ஒருத்தி பட்டென்று ஆறு என்றாள்.

“ஆறு டப்பாவுல அடங்குமா பாப்பா?”

“அடங்காது டீச்சர். இருவத்தி நாலு வேணும்.”

“அப்ப ஆறு எப்படி வந்துச்சு?”

சற்று யோசித்தாள். “நான் பாதியாப் பிரிச்சுட்டேன் டீச்சர்.”

பாதியாக என்றால் ஆறு, அரையால் என்றால் இருபத்து நான்கு. ‘ஆக’வுக்கும் ‘ஆல்’லுக்கும் நடுவில் பதினெட்டு டப்பா!

கூட்டலுக்கு ‘உம்’ இருக்கிறது. எட்டும் நான்கும் என்று எண்ணும்மை போட்டு வாசித்தாலே கூட்டல் குறி வந்துவிடுகிறது. சமக்குறிதான் பெரும்பாடு. 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள்; கட்டத்துக்குள் 12 வந்து விழும். பிள்ளைகளுக்குச் சமக்குறி ஓர் ஏவல்: ‘விடையை எழுது!’ 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் சொன்னார். நானும் பலகையில் இரண்டு நீளக் கோடுகள் போட்டு அளவுகோலால் அளக்கச் சொல்வேன். பிறகு, ‘எட்டும் நான்கும் சேர்ந்தது எவ்வளவோ, கட்டமும் ஐந்தும் சேர்ந்தது அவ்வளவு’ என்று முழு வாக்கியமாக வாசிக்க வைப்பேன். அப்படி வாசித்தால் ஏழு தானாக வருகிறது.

வெறும் 8 + 4 பயனிலை இல்லாத தொடர். கணக்கில் அது கோவை. சமக்குறியும் வலப்பக்கமும் வந்தால்தான் வாக்கியம். கோவையைக் கண்டதும் விடை எழுதத் துடிக்கிற கை, பின்னால் இயற்கணிதத்தில் ரொம்பவே திண்டாடும். அதனால் சில நாள் விடை எழுதவே விடுவதில்லை. 8 + 4-க்குச் சமமான வேறு கோவைகளைக் கேட்பேன். 6 + 6, 20 − 8, 3 × 4 என்று பலகை நிறையும். டப்பாக் கணக்குக்காரி வந்து 6 ÷ ½ என்று எழுதினாள். தப்பு என்று இரண்டு பேர் கத்தினார்கள். வாசித்துக் காட்டச் சொன்னேன். “ஆறை அரையால்” என்று ‘ஆல்’லை அழுத்திச் சொன்னாள்.