செயிண்ட் ஹெலினாத் தீவின் இறால் விருந்து

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரமாகச் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் செயிண்ட் ஹெலினாவும் ஒன்று. நெப்போலியன் சிறையிருந்து மாண்ட தீவு வேறு, இது வேறு. பியூஃபர்ட் என்னும் பழைய நகரிலிருந்து பாலங்களைக் கடந்து நாங்கள் அங்கே சென்றோம். இருமருங்கும் கோரைபோன்ற புல் மண்டிய உவர்நிலம். ஓதம் ஏறும்பொழுது அந்நிலம் ஏரிபோல் தோன்றும். வற்றியதும் சேறும் சிப்பியுமாகக் கிடக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஏழடி வேறுபாடு உண்டு. இறால் நடுக்கடலில் முட்டையிட்டாலும், குஞ்சுகள் வளர்வது இந்தப் புல்லடி ஓடைகளிலேதான். வளர்ந்தபின் மீண்டும் கடலை நாடிச் செல்லும்பொழுது வலையில் அகப்படுகின்றன.

இத்தீவின் மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். ‘கல்லா’ மக்கள் என்று அவர்களுக்குப் பெயர். அச்சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் கொண்டுவிடலாகாது. கல்வியின் அருமையை அவர்களைப்போல் உணர்ந்தோர் சிலரே. 1861 நவம்பரில் வடபகுதிக் கப்பற்படை வந்ததும் பருத்தித் தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டனர், அடிமைகள் தங்கினர். மறு ஆண்டே அவர்களுக்காகப் பென் பள்ளி எழுந்தது. உள்நாட்டுப் போர் முடியுமுன்னரே தங்கள் உழைப்பின் பணத்தைக் கொண்டு நிலம் வாங்கத் தொடங்கினர். 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தம் தோழர்களுடன் அப்பள்ளி வளாகத்தில் தங்கித் திட்டங்கள் வகுத்தார். ஆப்பிரிக்க மொழிகளின் சாயல் கலந்த அவர்களது ஆங்கிலம் எங்கள் செவிக்குப் பழக அரைநாள் ஆயிற்று. கையாலேயே வீச்சுவலை பின்னும் முதியவர்கள் இன்றும் உளர்.

இத்தீவின் ஒரு பகுதிக்கு ஃபிராக்மோர் என்று பெயர். ‘ஃபிராக்மோர் ஸ்டூ’ என்னும் உணவு அதன் பெயரால் வழங்குவது. பெயரில் தவளை ஒலித்தாலும் பாத்திரத்தில் தவளை இல்லை. ‘ஸ்டூ’ என்றாலும் குழம்பும் இல்லை! இறால், மக்காச்சோளக் கதிர், உருளைக்கிழங்கு, புகையூட்டிய சாசேஜ் ஆகிய நான்கையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து நீரை வடித்துவிடுவர், அவ்வளவே. 1960களில் தேசியக் காவற்படையில் இருந்த உள்ளூர் மீனவர் ஒருவர், நூறு வீரர்களுக்கு ஒரே வேளையில் உணவு படைக்க வேண்டி இதனை ஆக்கியதாகச் சொல்வர். எஞ்சியதையெல்லாம் ஒன்றாகக் கொதிக்கவிடுவது அதற்கு முன்பே ஏழை வீடுகளில் இருந்த பழக்கந்தான்.

இதில் இடும் ‘ஓல்ட் பே’ மசாலைப் பொடிக்கும் ஒரு வரலாறு உண்டு. குஸ்தாவ் புருன் என்னும் யூத வணிகர் 1938இல் ஜெர்மனியில் நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் அடைபட்டார். விடுபட்டு, மசாலை அரைக்கும் சிறு இயந்திரத்தோடு பால்டிமோர் நகருக்குத் தப்பி வந்து, நண்டுக்கென இப்பொடியைக் கூட்டினார். செலரி உப்பும் மிளகும் மிளகாயும் அதில் முந்தி நிற்கின்றன. நம் நாவுக்கு அது சற்றே சாது.

எங்களுக்கு விருந்தளித்த இறால் படகுக்காரர், மேசைமீது பழைய செய்தித்தாள்களை விரித்து, வெந்தவற்றை ஆவி பறக்கக் குவித்தார். தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. கையால் உண்ணும் எங்களுக்கு அன்று உபதேசம் தேவைப்படவில்லை. தோலை உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: “எங்கள் ஊர்க் கடையில் உறையிலிட்டு விற்பது உங்கள் நாட்டு இறால்தான்.” அவர் முகத்தில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. அமெரிக்கர் உண்ணும் இறாலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. அதில் மிகப் பெரும் பங்கு இந்தியாவினுடையது. பெரும்பாலும் ஆந்திரக் கடற்கரைக் குளங்களில் வளர்க்கும் ‘வனாமி’ இனம். அந்த இனத்தின் தாயகமோ அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரை! மலிவான அந்த இறாலோடு போட்டியிட இயலாமல் தம் துறையில் படகுகள் குறைந்துவிட்டன என்றார் அவர். 2005 முதல் நம் இறாலுக்குத் தனி வரி உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களின்மீது பொதுவாக 50 சதவீதம் வரை வரி ஏறியது. அவர் கண்ட வாழ்வும் நெல்லூர்ப் பக்கத்துக் குளத்துக்காரரின் வாழ்வும் ஒரே தராசின் இரு தட்டுகளில் இருப்பதை எண்ணி, நாங்கள் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. படகை விற்றுவிடப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, “யார் வாங்குவார்?” என்றார்.

கொல்கத்தா திரும்பிய பின்னர் வீட்டிலும் செய்து பார்த்தோம். சைவ அன்பர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்க. ஆறு பேருக்கு: பெரிய பாத்திரத்தில் ஐந்து லிட்டர் நீர், கடல்நீரை நினைவூட்டும் அளவு உப்பு, மிளகு, மிளகாய்த் தூள், கடுகுப் பொடி, இரண்டு பிரிஞ்சி இலை, ஓர் எலுமிச்சம்பழம். கொதித்ததும் தோலுடன் ஒரு கிலோ சிறு உருளைக்கிழங்கு. பத்து நிமிடம் கழித்து நியூ மார்க்கெட்டில் வாங்கிய சாசேஜ் அரைக் கிலோ, துண்டுகளாக. மேலும் ஐந்து நிமிடத்தில் இளங்கதிர் ஆறு, பாதியாக ஒடித்து. தெருவில் சுட்டு விற்கும் முற்றிய கதிராயின் கிழங்கோடே இட வேண்டும். கிழங்கில் கத்தி எளிதாக இறங்கும்பொழுதுதான் இறாலுக்கு முறை.

லேக் மார்க்கெட்டில் ‘பாக்தா சிங்கிரி’ என்று விற்கும் வரியிறால் ஒரு கிலோ போதும். தலையை நீக்கி, முதுகைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, ஓட்டோடே இடுக. ஓடு இருந்தால்தான் சாறு வெளியேறாது. இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் சிவந்து உடல் வளையும். உடனே வடித்துவிட வேண்டும். நம் வீடுகளில் இறாலைக் குழம்பில் கால் மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். அது ரப்பராவதற்கு இதுவே காரணம்.

மிஞ்சியதை உரித்து, மறுநாட் காலை சோள ரவைக் கஞ்சியோடு உண்பது அத்தீவினர் வழக்கம். இங்கே அந்த ரவை கிடைக்காமையால், எங்கள் வீட்டில் அது உப்புமாவுக்குத் துணையாயிற்று.