காதுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று

செயற்கைக்கோள் வழியாகப் பேச எந்த வயர்லெஸ் செட் வாங்கலாம் என்று விசாரிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட் பற்றியல்ல. வீட்டு வாசலில் நின்றால் எவ்வளவு வானம் தெரிகிறது என்பதைத்தான். கேரளத்தில் தமிழர்கள் வாழும் எல்லைப் பகுதிகளில் இதற்கு இரண்டு விதமான பதில்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வயலும் தென்னந்தோப்புமாக நிலம் விரிந்து கிடக்கிறது. இடுக்கியில் மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயங்களிலோ அண்ணாந்து பார்த்தால்தான் வானம்.

உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்களான 'ஹாம்'களுக்கென்றே செயற்கைக்கோள்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. முதலாவது, ஆஸ்கார்-1, 1961 டிசம்பரில் ஏவப்பட்டது. இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் கிளம்பிய 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட், 2014 ஜூலை வரை உழைத்தது. இன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஹாம்களுக்கான ரிப்பீட்டர் இருக்கிறது. கீழிருந்து 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அது 437.800-ல் திருப்பி ஒலிபரப்பும். ஐந்து வாட் கைக்கருவியும் கையில் பிடிக்கும் சின்ன யாகி ஆன்டெனாவும் இருந்தால் போதும்.

செட் தேர்வில் பலரும் தடுமாறுவது இங்கேதான். எத்தனை வாட் என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, ஒரு அலைவரிசையில் பேசும்போதே இன்னொன்றில் கேட்க முடிகிறதா என்பதை. நம் குரல் வானத்திலிருந்து நம் காதுக்கே திரும்பி வந்தால்தான் அது மேலே போய்ச் சேர்ந்தது நிச்சயம். அந்த வசதி இல்லாதவர் தன் குரல் கேட்கிறதா என்று தெரியாமல் கத்திக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் பேச்சும் கெடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரயில் நெருங்கும்போது விசில் கீச்சென்றும், கடந்துபோன பிறகு தணிந்தும் கேட்கிறதல்லவா? விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விண்வெளி நிலையத்தின் அலைவரிசையும் அப்படித்தான். வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே, போகும்போது அதே அளவு கீழே. குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

சமவெளிக்காரர் இதற்கு ஐகாம் ஐசி-9700 போன்ற செட்டை வாங்கலாம். 145, 435 இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும். கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் குமிழ் திருகும் வேலையும் மிச்சம். ஆனால் எடை 4.7 கிலோ, விலை லட்சத்தைத் தாண்டும். முழு சக்தியில் இயங்கக் கனமான பாட்டரியோ நிலையான மின்சாரமோ வேண்டும்.

மலைக்கு இது சரிப்படாது. அங்கே கணக்கே வேறு. திறந்த வெளியில் விண்வெளி நிலையம் தலைக்கு மேலாகக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். நாலாபுறமும் 35 டிகிரி உயரத்துக்கு மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் அதே கடப்பு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றும் ஆர்எஸ்-44 என்றால் ஏழு நிமிடம்வரை கிடைக்கலாம். எப்படியானாலும் செட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதுதான் வழி. அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையும் ஐந்து வாட் சக்தியும் கொண்ட யெய்சு எஃப்டி-817 வகை தோதானது. உற்பத்தி நின்றுபோனாலும் பழைய செட்கள் கை மாறுகின்றன. ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாத குறையைத் தீர்க்கச் சிலர் இரண்டு செட்டாக வைத்துக்கொள்கிறார்கள். ஆர்எஸ்-44-க்கு இந்த வகை செட்தான் வேண்டும். விண்வெளி நிலையம் மட்டும் போதுமென்றால் இரண்டு சாதாரணக் கைக்கருவிகளே வேலையை முடித்துவிடும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக் கவலையா என்று கேட்பவர்களுக்குப் பெட்டிமுடியை நினைவூட்டுவேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டார்கள், பெரும்பாலும் தமிழர்கள். மழையில் மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்தன. சேதி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான்.

அன்று ஒரு ஹாம் அங்கே இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் நாம் கூப்பிட்டதும் வராது. தன் நேரத்துக்குத்தான் வரும். மண் சரிவை ரேடியோ தடுக்கவும் போவதில்லை. ஆனாலும், சேதி சொல்ல விடியும்வரை காத்திருக்காமல் இருக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அரசு அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ள முடியாத நாட்டில், மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் வாங்கினால் ஒரு சாமானியனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இது.

அந்த வாய்ப்புக்கு இரு முனைகள் வேண்டும். மூணாறுக்கும் பாலக்காட்டுச் சமவெளிக்கும் நடுவே ஆனைமலை நிற்கிறது. கைக்கருவியின் அலை அதைத் துளைத்துப் போகாது. மேலே கடக்கும் செயற்கைக்கோளோ ஒரே நேரத்தில் இரண்டு இடங்களையும் பார்க்கிறது. மலையிலிருந்து நனைந்த கையோடு ஒருவர் ஐந்து வாட்டில் பேசுவதைச் சமவெளியில் யாராவது கவனித்தாக வேண்டும். ஆகவே என் யோசனை எளியது. மலைக்காரர் தோளைப் பார்த்து வாங்கட்டும். எடை குறைவு, பாட்டரி நீடிப்பு, தினமும் எடுத்துப் பழகும் சுலபம். சமவெளிக்காரர் காதைப் பார்த்து வாங்கட்டும். மங்கலான குரலையும் பிடிக்கும் ரிசீவர், நல்ல ஆன்டெனா.

கடைக்காரர்கள் வாட் கணக்கைத்தான் சொல்வார்கள். கேட்கிற திறமைக்கு அவர்களிடம் விலைப்பட்டியல் கிடையாது. அதைப் பழகித்தான் சம்பாதிக்க வேண்டும்.