ஓங்கிய கை

தற்காப்புக்குச் சட்டம் ஒரு நேரம் குறித்திருக்கிறது. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 102-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 40-வது பிரிவு. உடம்புக்கு ஆபத்தென்று நியாயமாக அஞ்சும்போதே உரிமை பிறந்துவிடுகிறது; வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. சரி, அரிவாளுக்கு எதிரே நிற்பவன் இதையெல்லாம் எப்படி அளப்பான்?

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு சிலம்ப வாத்தியாரைக் கேட்டேன். வரப்பின்மேல் நின்றுகொண்டிருந்தோம், இருபுறமும் பாத்திகளில் உப்புநீர்.

"வழி இருந்தா ஓடிடணும் ஐயா" என்றார். கம்பு பிடித்தவர் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"இந்த வரப்புமாதிரி இடத்தில் மாட்டிக்கொண்டால்?"

"இரும்பைப் பாக்காதீங்க, தோளைப் பாருங்க. தோள் அசையாம கை வராது."

ஓங்கிய கை இறங்கத் தொடங்கும் நொடிதான் நம்முடையதாம். முந்தினால் அவன் வீச்சை மாற்றிவிடுவான். பிந்தினால் கேட்கவே வேண்டாம். அடி மணிக்கட்டில் விழவேண்டும்.

"அரிவாள் கீழே விழுந்த பிறகு?"

"அப்பதான் நமக்குப் பேய் பிடிக்கும். பயந்தவன் கை லேசுல ஓயாது."

அவருடைய சிஷ்யப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வெகுநேரம் பழகுவது, வீசிய கம்பைப் பாதியில் நிறுத்துவதைத்தான்.