பத்தர் இல்லாத யாழ்

சென்ற பருவத்தில் ஒரு நாள் பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகளை வருணிக்கும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். பத்தர், போர்வைத் தோல், ஆணி, மருப்பு, திவவு, நரம்பு என ஒவ்வொன்றாக விளக்கி, நரம்பின் மெல்லிய அதிர்வை வாங்கி அவைக்கு எட்டச் செய்வது பத்தரே என்று கூறியபோது, கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, மின்கிதார் வெறும் மரப்பலகைதானே? அதற்குப் பத்தர் எது?" என்றார். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. அந்த வினாவுக்கு உரிய நேரத்தில் விடை தெரியாமல், என் தங்கையின் சீட்டுப் பணத்தில் பதினெட்டாயிரம் ரூபாயைத் தொலைத்தவன் நான். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, அந்தக் கதையையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தமிழாசிரியனுக்கும் ஒலிபெருக்கிக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கக்கூடும். 1978ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் ஊர் மைக் செட் கடையில் நான் எடுபிடியாக இருந்தேன். அந்நாளில் திருமண வீடுகளுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் சென்ற பெட்டிகள் பலவும் வால்வுப் பெட்டிகளே. விசையைத் தட்டியவுடன் அவை பேசிவிட மாட்டா. கண்ணாடிக் குழல்களின் உள்ளே இழை மெல்லச் சிவந்து, சூடேறிய பின்னரே குரல் எழும். அந்தச் செவ்வொளியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே நான் கூலி வாங்காமல் வேலை செய்தேன் என்றால் மிகையாகாது.

எங்கள் முதலாளி பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால், "கூட்டத்தைப் பார்த்துப் புனலை எடு; புனலைப் பார்த்துப் பெட்டியை எடு" என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம் பொன்னானது. அவருக்கு ஒரே ஒரு பகை உண்டு. அது குரலில் விழும் பிசிறு. பெட்டியை முழு வலுவில் வைத்து முறுக்கினால் வால்வு தாங்கும் எல்லையைக் கடந்து, குரல் கரகரத்து உடையும். அவ்வாறு உடைந்தால் அன்றைக்கு எங்களுக்கு வசைதான். ஆகவே, தேவைக்கு இருமடங்கு வலுவுள்ள பெட்டியை எடுத்துச் சென்று பாதியில் வைப்பதே எங்கள் கடை வழக்கம். நாற்பது ஆண்டுகளாக அதையே நான் ஒலியியலின் முதல் விதியாகப் போற்றி வந்தேன்.

2017ஆம் ஆண்டில் என் தங்கை மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். கல்லூரி நாள்களிலேயே கிதாரில் தேர்ந்தவன். நண்பர்கள் ஐவருடன் சிறு அரங்குகளில் இசை நிகழ்ச்சியும் நடத்திவந்தான். வால்வு ஒலிபெருக்கி ஒன்று வாங்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. அவன் தந்தைக்கு இதில் சிறிதும் இசைவில்லை. தங்கைதான் சீட்டு எடுத்து அறுபதாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து, "அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாடு செல்லவிருந்த ஒருவர் விற்ற 50 வாட் பெட்டியைக் கண்டதும், முதலாளியின் பாடத்தை நினைந்து, இதுவே தகும் என்று முடித்துவிட்டேன். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு எதற்கு என்று அடங்கிவிட்டான். அவன் அன்று அடங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவன் குடியிருந்தது மாடியில் ஒற்றை அறை. பெட்டியின் ஒலித்திருகை இரண்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டிலேயே வைத்தாலோ ஒலி உயிரற்றுச் சப்பென்று இருக்கும். அரங்கிலும் அதே நிலைதான். கலவைப் பலகையில் அமர்ந்திருந்தவர் ஒவ்வொரு முறையும் குறைக்கச் சொன்னார். ஆறு திங்களில் பெட்டியின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் புத்தகங்களை அடுக்கிவிட்டான். ஒருநாள் நான் போய்ப் பார்த்து வினவியபோதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மாமா, நீங்கள் பிசிறே விழக்கூடாது என்று வாங்கினீர்கள். எனக்கு வேண்டியது அந்தப் பிசிறுதான்."

அன்றிரவு அவன் எனக்கு ஆசிரியனானான். பேச்சாளரின் குரலை உள்ளவாறே பெருக்குவது மைக் செட்டின் கடமை. கிதாரின் பெட்டிக்கு அது கடமையன்று. வால்வு தன் எல்லையை நெருங்கும்போது ஒலியலையின் முகடு வெட்டுண்டது போலன்றி, மெல்ல வளைந்து மழுங்குகிறது. மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பல அதனால் பிறக்கின்றன. மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு என்று விரலுக்கு விரல் பெட்டி மறுமொழி தருகிறது. 1966ஆம் ஆண்டில் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவினருடன் சேர்ந்து வாசித்த இசைத்தட்டில், கிப்சன் லெஸ் பால் கிதாரை மார்ஷல் பெட்டியில் உரக்க வைத்து இந்த உடைந்த குரலையே கலையாக்கினார் என்றான். எங்கள் முதலாளி வசைபாடிய குற்றம், மற்றொரு நாட்டில் அணியாகிவிட்டது!

ஆகவே கிதாருக்கு ஒலிபெருக்கி துணைக்கருவியன்று, கருவியின் மறுபாதி. பத்தரை யாழோடு பொருத்துவது போலவே, பெட்டியைக் கிதாரோடு பொருத்த வேண்டும். கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிதாரையும் பெட்டியையும் தாமே செய்தார். 1954இல் வெளிவந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில், நரம்பின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பிச்சுருளால் ஆனது. அதன் குரல் மெலிந்தது, கூரியது. மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கி, 1957இல் கிதார்களில் இடம்பெற்ற ஹம்பக்கர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த ரீங்காரத்தை அழிப்பது. அதன் குரல் தடித்தது. பெட்டிக்குள் செலுத்தும் மின்னலையும் வலியது. ஒரே பெட்டியில் ஒற்றைச்சுருள் தெளிவாக ஒலிக்கும் இடத்தில், ஹம்பக்கர் கரகரக்கத் தொடங்கிவிடும். என் மருமகனுடையது ஹம்பக்கர் கிதார். இதை வாங்குமுன் நான் கேட்டிருக்க வேண்டாமா?

பெட்டிகளிலும் குலம் உண்டு. ஃபெண்டரின் பெரிய பெட்டிகளில் இருந்த 6எல்6 வால்வு, நெடுந்தொலைவு உடையாமல் தெளிவு காக்கும். இலண்டனில் தாளக்கருவிக் கலைஞராக இருந்து கடை வைத்த ஜிம் மார்ஷலும் அவருடைய துணைவர்களும், 1962இல் ஃபெண்டரின் பாஸ்மன் பெட்டியையே முன்மாதிரியாகக் கொண்டனர். ஆயினும் இங்கிலாந்தில் கிடைத்த உறுப்புகளும் வேறு ஸ்பீக்கர்களும் சேர்ந்தபோது, குரல் வேறாகிவிட்டது. பின்னாளில் அவர்கள் கையாண்ட இஎல் 34 வால்வு, அக்குலத்தின் முரட்டுக் குரலுக்கு அடையாளமாயிற்று. டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் பெட்டிகளோ இஎல் 84 என்னும் சிறு வால்வைக் கொண்டவை. மணியோசை போல் கலகலப்பவை. அந்த இஎல் 84 வால்வைப் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் செய்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்தால் மகிழ்வர். இன்று கிதார்ப் பெட்டிகளுக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன.

50 வாட் பெட்டியை நாற்பத்திரண்டாயிரத்துக்கு விற்றோம். இம்முறை அவன் கிதாரையே கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். நான் வாய் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்துவிட்டு, அவன் தொட்டது 4 வாட் பெட்டி. ஒற்றை இஎல் 84. 12 அங்குல ஸ்பீக்கர். எனக்கு உள்ளூரத் திகில். பன்னிரண்டு மடங்கு குறைந்த பெட்டி அரங்கில் எடுபடுமா? இங்கும் என் கணக்கே பிழை. மின்திறன் பத்து மடங்கு கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும். ஆகவே 50 வாட் பெட்டி, இந்தக் குட்டிப் பெட்டியைவிட இருமடங்குக்குச் சற்றே மேலாக ஒலிப்பது, அவ்வளவே. அரங்கில் குறைவதை நிரப்ப, ஸ்பீக்கருக்கு முன் ஒரு மைக்கை வைத்தால் தீர்ந்தது. வீட்டிலும் 4 வாட் என்பது கொசுவின் ரீங்காரமன்று; முழுதும் திருகினால் கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் வருவார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே குரல் உடையத் தொடங்கிவிடுகிறது. அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒன்றை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பெட்டிகள் 120 வோல்ட்டுக்கானவை. அதை அறியாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும். பின்புறத் தகட்டில் 230 என்று அச்சிட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவன் அறைக்குச் சென்றிருந்தேன். தங்கையும் ஊரிலிருந்து வந்திருந்தாள். விசையைத் தட்டிவிட்டு, அரை நிமிடம் மூவரும் பேசாமல் அந்தச் செவ்வொளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசித்தான். இடையில் ஸ்பீக்கரின் கம்பி தளர்ந்திருப்பதாகச் சொல்லி, அதைப் பிடுங்கக் கை நீட்டினான். "தொடாதே! முதலில் விசையை நிறுத்து!" என்று நான் போட்ட கூச்சலில் தங்கை நடுங்கிப்போனாள்.

அவன் விசையை நிறுத்திவிட்டு, "ஏன் மாமா?" என்றான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெட்டியை ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும் என்றேன். "யார் சொன்னார்கள்?" என்றான். 1978ஆம் ஆண்டில் ஒரு திருமண வீட்டில், புனல் கம்பியைப் பூட்ட மறந்து பெட்டியை முடுக்கியதையும், எழுந்த கருகல் நாற்றத்தையும், முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் தம் கைக்காசில் புதிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியதையும் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். தங்கைக்கே அது தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவன் கம்பியை இறுக்கிப் பூட்டினான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு, "நீங்களே போடுங்கள் மாமா" என்று விசையை என் பக்கம் காட்டினான்.