டாலர் குறிக்குப் பக்கத்தில்

டெர்மினல். கறுப்புத் திரை. ஒரு டாலர் குறி. பக்கத்தில் சிமிட்டும் சின்னக் கட்டம்.

எங்கே நிற்கிறோம்? பிடபிள்யூடி என்று அடிக்கவும். இங்கே என்ன இருக்கிறது? எல்எஸ். வேறு இடம் போக சிடி. முதல் நாளுக்கு இது போதும்.

எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம். எல்லாம் இரண்டெழுத்து.

1969, பெல் லேப்ஸ். கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி; இந்தக் கட்டளைகள் வந்த யூனிக்ஸ். அடித்த இயந்திரம் டெலிடைப் மாடல் 33. திரை கிடையாது, காகிதச் சுருள்தான். நொடிக்கு 10 எழுத்து. ஒரு வரி நிரம்ப ஏழு நொடி. அதனால்தான் இந்தச் சுருக்கம்.

கோப்பை நகலெடுக்கச் சொன்னால், மறுபடி டாலர் குறி. வேறு ஒன்றும் இல்லை. புதியவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். நடந்ததா? நடந்துவிட்டது. தப்பு வந்தால்தான் கட்டளை வாய் திறக்கும்.

கடவுச்சொல் அடிக்கும்போது பெரும்பாலும் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். முழுதும் அடித்து என்டர்.

இதுவும் டெலிடைப் காலத்துப் பழக்கம்: காகிதத்தில் விழுந்த எழுத்து, கிழித்துப் போடும்வரை இருக்கும்.

அலைக்குறி என்றால் வீட்டுக் கோப்புறை. ஏடிஎம்-3ஏ என்ற பழைய டெர்மினலில் அலைக்குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன. ஹெச், ஜே, கே, எல் விசைகளில் அம்புக்குறிகள். பில் ஜாய் 'விஐ' என்ற எடிட்டரை எழுதியது அந்தக் கீபோர்டில். அம்பு விசைகள் தனியாக வந்த பிறகும் ஹெச், ஜே, கே, எல் போகவில்லை.

புள்ளியில் தொடங்கும் பெயர்கள் எல்எஸ்-இல் தெரியாது. திட்டமிட்டுச் செய்ததல்ல, அவசரத்துக்கு எழுதிய சுருக்குவழி என்று பெல் லேப்ஸில் இருந்த ராப் பைக் சொல்லியிருக்கிறார். பார்க்க வேண்டுமானால் எல்எஸ், இடைவெளி, சிறுகோடு, ஏ.

ஆர்எம். இதற்குக் குப்பைத்தொட்டி இல்லை. போனது போனதுதான்.

நட்சத்திரக்குறியோடு ஆர்எம் அடிக்குமுன் அதே குறியோடு எல்எஸ் அடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் போகப்போகிறது. நட்சத்திரத்தில் தொடங்கும் பெயரில், அதற்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால் கோப்புறையில் புள்ளியில் தொடங்காத கோப்பெல்லாம் காலி. இதை எல்லாருக்கும் முதல் வாரமே சொல்லித்தர வேண்டும். ஆர்எம்-உடன் சிறுகோடு ஐ சேர்த்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்கும்.

கன்ட்ரோல் சி நகலெடுக்காது. ஓடுவதை நிறுத்தும்.

பாதிப் பெயர் அடித்து டேப். மீதியை அதுவே எழுதும். எழுதவில்லையா? நிற்கும் இடத்தை மறுபடி பார்க்கவும்.

சந்தேகம் வந்தால் 'மேன்', பிறகு கட்டளையின் பெயர். வெளியே வர க்யூ. யூனிக்ஸின் முதல் கையேட்டின் தேதி 1971 நவம்பர் 3. அதிலேயே 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு. செய்தவர்களே எழுதி வைத்தது.

கோப்புக்கு 'அம்மா' என்று பெயர் வைக்கலாம். தாராளமாக ஏற்கும்.

அந்தச் சொல்லை மட்டும், வரிமுடிவு இல்லாமல், எண்ணிச் சொல்லும் டபிள்யூசி-யிடம் கொடுத்தால் 15 பைட். யூனிகோடு குறியீடாக எண்ணச் சொன்னால் 5. நாம் எண்ணினால் 3. புள்ளி தனி, கால் தனி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

திரை முழுக்க ஒரே அகலக் கட்டங்கள். 'ணொ', 'கௌ' அதற்குள் அடங்காமல் பக்கத்து எழுத்தின்மேல் ஏறுகின்றன. பல டெர்மினல்களில் இன்னும் இப்படித்தான். சரிசெய்யப்பட வேண்டும்.

இந்தக் கட்டங்கள் பழையவை. விடி100 டெர்மினல், 1978. வரிக்கு 80 கட்டம். ஐபிஎம் துளை அட்டையிலும் 80. அது 1928.