விரல் நுனியில் ஒரு நீச்சல் குளம்

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு அக்டோபர் மாதம் போனால், தெருவெல்லாம் ஊதாப் பூவாக இருக்கும். ஜக்கராந்தா மரங்கள்! பார்க்க அழகுதான். ஆனால் பல வீடுகளில் கொல்லைப் பக்கம் நீச்சல் குளம் இருக்கிற ஊர் அது. உதிர்கிற பூவெல்லாம் தண்ணீரில்தானே விழும்?

மகளின் பிரசவத்துக்காக அங்கே மூன்று மாதம் இருந்தேன். அடுத்த வீட்டில் ஓர் அம்மாள், எழுபது வயதிருக்கும், தனியாக வசிக்கிறார். முதுமையில் வருகிற விழித்திரை நோயால் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஓரத்தில் ஏதோ நிழலாடும், அவ்வளவுதான். "குளத்தை மண் போட்டு மூடிவிடலாம்" என்றாராம் மகன். "சனிக்கிழமையானால் பேரப்பிள்ளைகள் எதற்காக ஓடி வருகிறார்கள்? குளம் வேண்டும், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

எப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்? ஒருநாள் காலையில் கூடவே இருந்து கவனித்தேன்.

முதலில் வேலிக் கதவு. அந்த மாநிலச் சட்டப்படி குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர், அதாவது சுமார் நாலடி உயர வேலி வேண்டும். கதவு தானாகவே சாத்தித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கதவை ஒரு தடவை அகலத் திறந்து விடுகிறார். இன்னொரு தடவை விரற்கடை மட்டும். இரண்டு தடவையும் 'டக்'கென்ற சத்தம் காதில் விழ வேண்டும்! பிறகு வேலியைத் தடவியபடி ஒரு சுற்று. பிள்ளைகள் ஏறுகிற மாதிரி நாற்காலியோ பூந்தொட்டியோ பக்கத்தில் கிடக்கக்கூடாதாம்.

அடுத்தது, குளத்தின் விளிம்பில் மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்கிற வாய். அதற்குள் இருக்கும் கூடையைக் கையுறை போட்டுத்தான் எடுக்கிறார். பூவோடு விஷத் தேரையும் சில நாள் கிடக்குமே! அந்த வாயில் பாதி வரை தண்ணீர் நிற்கிறதா என்பதும் அப்போதே கைக்குத் தெரிந்துவிடும். பம்ப் 'களக் களக்'கென்றால் காற்றை உறிஞ்சுகிறது. படி வழுக்கினால் பாசி பிடிக்கிறது. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகம் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் நேர்மாறாம்! வியர்வையும் அழுக்கும் சேர்ந்து குளோரினை வீணாக்கும்போதுதான் அந்த நெடி வருமாம்.

நிறம் மாறும் பரிசோதனைப் பட்டை அவருக்குப் பயன்படாது. முழங்கை ஆழத்தில் தண்ணீர் பிடித்து, குளச் சாமான் விற்கும் கடைக்கு அனுப்புகிறார். அங்கே தரும் முடிவுச் சீட்டை அவருடைய கைப்பேசி வாசித்துச் சொல்லிவிடுகிறது! குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருந்தால் நிம்மதி.

அமிலப் புட்டிக்கு இரண்டு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். குளோரின் டப்பா இருப்பது வேறு அறையில். இரண்டும் கலந்தால் நச்சுப்புகை கிளம்பும். கையுறை, கண்ணாடி இல்லாமல் இரண்டையும் தொடுவதில்லை. அமிலத்தைத்தான் தண்ணீரில் விடுவார். அமிலத்தில் ஒருபோதும் தண்ணீர் விடுவதில்லை.

இத்தனையும் செய்கிறவர், ஒன்றே ஒன்றை மட்டும் மருமகளிடம் விட்டுவிட்டார். பிள்ளைகள் இறங்குமுன், குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால், மூழ்கிய குழந்தை கரையிலிருந்து தெரியாது. கடைசிப் பிள்ளை மேலேறும் வரை மருமகள் கரையைவிட்டு நகரக்கூடாது.

"என் கையால் ஆகிறதையெல்லாம் நான் செய்கிறேன். பிள்ளைகளைக் காவல் காக்கக் கண் வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?" என்றார்.

சகோதரிகளே, தண்ணீரில் முழுகுகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமலே போய்விடும். நம் வீட்டுத் தொட்டிக்கும் வாளிக்கும்கூட இது பொருந்தும். அடுப்படிக்கு ஓட வேண்டியிருந்தால், "நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகு நகருங்கள்.