புத்தம் புதிய மகிழுந்தும் ஒரு பயிற்சிப் புத்தகமும்



அண்மையில் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் புதிய மகிழுந்து வாங்கினார். இரண்டாம் வாரமே அது வழியில் நின்றுவிட்டதாம். ஆசிரியர் அறையில் அமர்ந்து, "புதிய வண்டியில் இப்படியும் நடக்குமா, ஐயா?" என்று கேட்டார். நடக்கும். எனக்கு நடந்தது. அவரிடம் வாய்மொழியாகச் சொன்னதை மற்றவர்க்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

2020 ஜூன் 15 தொடங்கி 2022 ஜூன் 30 வரை அரசாங்கம் மகிழுந்துகளுக்கு விற்பனை வரி விலக்கு அளித்திருந்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கடைசி மாதத்தில் முண்டியடித்துக்கொண்டு முன்பதிவு செய்தவர்களுள் நானும் ஒருவன். பதினான்கு ஆண்டுகள் உழைத்த பழைய வண்டியை விற்றுவிட்டு, ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையொப்பமிட்டேன். ஒன்பது ஆண்டு என்பது ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து, ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தையும் முடிக்கும் காலம். நான்கு மாதக் காத்திருப்புக்குப் பின், அக்டோபரில், தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னர் வண்டி கைக்கு வந்தது. நேரே கோயிலுக்கு ஓட்டிச் சென்று பூசை செய்தோம். நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஆங்கிலத்தில் பழுதோடு பிறந்த வண்டியையே 'லெமன்' என்றுதான் அழைப்பார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. நான்கை நசுக்கிவிட்டு ஐந்தாவதில் ஏறி அமர்ந்து வீடு திரும்பியிருக்கிறோம்!

பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு மணி. பொத்தானை அழுத்தினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. நான் குடியிருப்பது தைப்பிங்கில்; பணிபுரிவது பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில். அன்று மனைவியின் பழைய சிறிய வண்டியில் ஓடிப்போய்ச் சபைகூடலுக்குத் தாமதமாக நின்றேன். விற்பனை நிலையத்தின் பணிமனையினர் வந்து மின்கலத்தை மாற்றிக் கொடுத்தார்கள். "பேட்டரி கோங் ஆகிவிட்டது, சார். சில சமயம் இப்படி ஒன்றிரண்டு வரும்" என்றார்கள். நம்பினேன்.

பின்னர் வண்டிக்குப் பேய் பிடித்தது. நள்ளிரவில் கதவுப் பூட்டுகள் தாமாகவே திறந்து மூடின. முன்கண்ணாடித் துடைப்பான் வெயிலில் ஒருமுறை தானாக எழுந்து சென்று படுத்தது. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு எச்சரிக்கை ஒலி அலறி, எதிர்வீட்டுப் பாச்சிக் கைலியோடு வெளியே வந்து நின்றார். அடுத்த வாரம் திங்கட்கிழமை, புதிய மின்கலமும் செத்துக் கிடந்தது.

பணிமனைக்கு மூன்று முறை கொண்டு சென்றேன். மூன்று முறையும் கணினியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். அங்கே வண்டி சமதளத்தில், கூரையின் கீழ், வெயில் காய்ந்த நண்பகலில் நன்றாகவே இயங்கியது. பணிமனையில் இருந்த இளைஞர் மரியாதையானவர், பொய் சொல்லவில்லை. "நாங்கள் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சிக்கு" என்றார். அவர் குரலில் ஒரு சிறு சலிப்பு இருந்தது. அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குரலை நான் அறிவேன். அது என்னுடைய குரல்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாயார் என்னிடம் வந்து, தம் மகனுக்குச் சில நாள்களில் காது சரியாகக் கேட்பதில்லை என்றார். நான் அவனைப் பின்னாலிருந்து மெல்ல அழைத்துப் பார்த்தேன். திரும்பினான். மறுநாளும் அழைத்தேன், திரும்பினான். "நான் சோதித்துவிட்டேன் அம்மா, கேட்கிறது. கவனக்குறைவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தேர்ச்சிக் குறிப்பிலும் அதையே எழுதினேன். அந்தத் தாய் 'சில நாள்களில்' என்று சொன்ன சொல்லை நான் கேட்கவே இல்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

நவம்பர் இறுதியில் ஒரு வியாழன் இரவு. மருத்துவமனைக்குச் சென்ற என் தாயாரை மனைவி இந்த வண்டியில் அழைத்து வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சாய்ந்து உட்காரப் புதிய வண்டிதான் வசதி. கமுந்திங் சாலையில் நல்ல மழை. தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று. மாலையில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று அக்காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். அந்த மழையில் திடீரென்று துடைப்பான் நின்றது. முன்விளக்கு அணைந்து, எரிந்து, மீண்டும் அணைந்தது. சுழல்வளையம் கல்லாக இறுகியது. பின்னால் வந்த லாரி நீண்ட ஒலி எழுப்பிக்கொண்டு பக்கவாட்டில் உரசுவதுபோல் கடந்து போயிற்று. மனைவி எப்படியோ ஓரம் கட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா பின்னிருக்கையில் முருகனை அழைத்தபடி இருந்தார். மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை.

மறுநாள் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். கோடு போட்டு நாள், நேரம், முந்திய நாள் மழை, நிறுத்திய இடம், ஓடிய தூரம், என்ன நடந்தது, மின்கலத்தின் அழுத்தம் என்று பிரித்தேன். நாற்பது ரிங்கிட்டுக்கும் குறைவாக ஒரு மல்டிமீட்டர் கிடைத்தது. இதை ஓட்டுநர் யாரும் செய்யலாம். ஓய்வில் இருக்கும் நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய வற்றிவிட்டது என்று பொருள். இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டையொட்டி இருந்தால் மின்னேற்றம் நடக்கிறது என்று அறியலாம். என் வண்டியில் ஓடும்போது 14.1. ஆக, மின்னாக்கி நலம். இரவு 12.6 வோல்ட்டோடு உறங்கப்போன மின்கலம், சில காலைகளில் மட்டும் 12.2இல் விழித்தது. ஏதோ ஒன்று இரவில் குடித்துக்கொண்டிருந்தது.

சிம்பாங்கில் வயரிங் கடை வைத்திருக்கும் சீன முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் சொன்னது: "புதிய கார். நான் ஒரு வயரையும் அறுக்க மாட்டேன். அறுத்தால் உத்தரவாதம் போய்விட்டது என்பார்கள். அளந்து மட்டும் தருகிறேன்." நல்ல மனிதர். கதவைத் திறந்து மூடினாலே இக்கால வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், அவை மீண்டும் உறங்கச் சற்று நேரம் ஆகும் என்று சொல்லி, பூட்டிவிட்டு அரைமணி நேரம் காப்பி குடிக்க அழைத்துச் சென்றார். திரும்பி வந்து, மின்கலக் கம்பியைக் கவ்வும் அளவியை வைத்தார். உறங்கும் வண்டி பொதுவாக 0.05 ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. இது 0.5 எடுத்தது. பத்து மடங்கு. "இது தூங்கவே இல்லை, சிக்கு" என்றார்.

மறுநாள் இதையே ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுத்தேன். ஒரு மணிக்கு 0.5 எனில் ஒரு நாளில் 12. மின்கலத்தின் கொள்ளளவு 45 எனில் எத்தனை நாளில் காலியாகும்? நான்கு நாள் முடிவதற்குள் என்று கண்டுபிடித்தார்கள். பாதி வற்றினாலே வண்டியைக் கிளப்புவது கடினம். வெள்ளி மாலை நிறுத்தி, சனி ஞாயிறு எடுக்காமல் விட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும்? விடை சொல்லிவிட்டு ஒரு பையன் கேட்டான்: "ஐயா, அது யாரோட கார்?"

திங்கட்கிழமையின் மர்மம் விலகியது. ஆனால் எல்லாத் திங்கட்கிழமைகளிலும் வண்டி நிற்கவில்லையே. புத்தகத்தில் பதினொரு பதிவுகள் சேர்ந்திருந்தன. டிசம்பர் விடுமுறையில் ஓர் இரவு அதை மனைவி வாங்கிப் பார்த்தார். மழைக் கட்டத்தில் விரல் வைத்துக் கீழே இறங்கினார். பதினொன்றில் பத்து, கனமழைக்கு அடுத்த காலை. "என்னங்க, இடப்பக்கக் கால்மிதிக்குக் கீழே ஈரமாக இருக்கிறது என்று நான் சொன்னேனே" என்றார். சொல்லியிருந்தார். ஒருமுறை அல்ல, இருமுறை. குடை சொட்டியிருக்கும் என்று நான்தான் தள்ளிவிட்டிருந்தேன். அந்த வகுப்பறைத் தாய்க்குச் செய்ததையே வீட்டிலும் செய்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் கடிதம் எழுதினேன். மலாயில், ஒரே பக்கம். பதிவுகளின் படியை இணைத்தேன். விற்பனை நிலையத்துக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் தலைமையகத்துக்கு ஒன்று, இரண்டும் பதிவு அஞ்சலில். சினம் ஒரு வரிகூட இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டினேன். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்; குறை இருப்பின் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும்; தவறினால் பொருளைத் திருப்பித் தரவோ, வேறிடத்தில் பழுதுபார்த்துச் செலவைக் கோரவோ வாங்கியவருக்கு வழி உண்டு. அவ்வாண்டு நிலவரப்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இன்றிக் கோரலாம். மனுவுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட். சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர், அங்கே 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' இருப்பதாகவும், வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும் என்றும் சொன்னார். அங்கே விற்றவர்தான் இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். எனக்கு என் பயிற்சிப் புத்தகம்தான் சான்று.

இங்கே ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். கடிதம் எழுத அமர்ந்து பணிமனைத் தாள்களை எடுத்துப் பார்த்தால், மூன்றிலும் என் முறையீடு 'பேட்டரி பலவீனம்' என்று மட்டுமே பதிவாகியிருந்தது. துடைப்பான் தானாக அசைந்ததும் பூட்டுகள் திறந்ததும் எழுத்தில் எங்கும் இல்லை. நான் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் சுருக்கி எழுதினார். நான் படிக்காமலே கையொப்பமிட்டேன். பிள்ளைகளின் கட்டுரையில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை ஊற்றுகிறவன், தன் தாளைப் படிக்கவில்லை. ஆகவே நண்பர்களே, பணிமனைத் தாளில் உங்கள் சொற்களே இடம்பெறட்டும். இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். படியை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சனவரியில் மேலாளர் அழைத்தார். இம்முறை வண்டியை விட்டுச் செல்லும்போது ஒரே வேண்டுகோள் வைத்தேன்: எங்கள் தெருவில் நிற்பதுபோல் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, முன்கண்ணாடியின் அடியில் அரைமணி நேரம் குழாய் நீர் பாய்ச்சுங்கள். என் வீட்டு வாசலில் பழைய வண்டி நிற்பதால், புதியது சரிவான தெருவில்தான் நிற்கும். அவர்கள் பாய்ச்சினார்கள். இருபது நிமிடத்தில் உள்ளே நீர் சொட்டியது.

இயந்திர அறையிலிருந்து கம்பிக் கற்றை உள்ளே நுழையும் துளையில் ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. அதன் ஓரம் தொழிற்சாலையிலேயே சரியாக அமரவில்லை, ஓரிடத்தில் மடிந்திருந்தது. மழைநீர் அந்த வழியாகக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே இறங்கி, இடப்பக்க விரிப்பின் மேலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பில் தேங்கியிருக்கிறது. நனைந்த முனைகளுக்கிடையே மின்சாரம் கசிய, யாரோ கதவைத் திறப்பதாகவும் பொத்தானை அழுத்துவதாகவும் அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறது. இணைப்பைக் கழற்றிக் காட்டினார்கள். மூன்று மாத வண்டியில், கோயில் செம்பில் படிவதுபோல் பச்சைக் களிம்பு.

அடைப்பு, பெட்டி, ஒரு பகுதிக் கம்பிக் கற்றை எல்லாம் மாற்றினார்கள். பதினேழு நாள் ஆயிற்று. அந்த நாள்களுக்கும் வங்கித் தவணை நிற்கவில்லை. மாற்று வண்டி கேட்டேன், கிடைக்கவில்லை. மின்சாரப் பாகங்களுக்கு உத்தரவாதத்தை ஓராண்டு கூட்டி எழுத்தில் தந்தார்கள். ஏற்றுக்கொண்டேன். பாதி நிரப்பிய நடுவர் மன்றப் படிவம் இன்னும் அந்தப் பயிற்சிப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த மாணவனின் தாயாரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, கேட்காத நாள்களையும் சளி பிடித்த நாள்களையும் குறித்து வரச் சொன்னேன். வகுப்பில் நானும் குறித்தேன். ஆறு வாரம். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. அந்தப் புத்தகத்தோடு அவர் மருத்துவரிடம் சென்றார். செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கியிருந்தது. சளி கூடும்போது கூடி, குறையும்போது குறைந்து, நான் பின்னாலிருந்து அழைத்த அந்த இரண்டு நாள்களிலும் அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. தேர்ச்சிக் குறிப்பில் நான் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துத் திருத்திக் கையொப்பமிட்டேன். அவனை முன்வரிசைக்கு மாற்றினேன்.

வண்டி அதன் பின்னர் ஒருமுறையும் நிற்கவில்லை. ஆனாலும் மழை பெய்த மறுநாள் காலையில், ஏறி அமர்வதற்கு முன், மனைவி குனிந்து இடப்பக்க விரிப்பின் அடியில் கைவிட்டுப் பார்க்கிறார். நான் காத்திருக்கிறேன்.